ஸ்டோஃபல் தாத்தாவின் ரகசிய நோட்டு

"உங்க தாத்தா குதிரை மேல ஏறினதே இல்ல திரீனா அக்கா. ஏறினது பரண் மேலதான்!"

"நாக்க அடக்கிப் பேசுடா ஃபான். எங்க தாத்தா ஒற்றர். ஒற்றன் எவனாவது ஊரறியக் குதிரை ஓட்டுவானா? வீட்டுல உக்காந்து எழுதுவான்."

"என்ன எழுதினாரு? நூத்தி இருபது வருஷமா ஒருத்தனுக்கும் புரியல."

"உனக்குப் புரிஞ்சிட்டா அப்புறம் அது என்னடா ரகசியம்?"

இந்தச் சண்டை போன வியாழக்கிழமை காலை என் கறிக்கடையில் நடந்தது. திரீனா பாடன்ஹோர்ஸ்ட் என் மாமியார், வயது எழுபத்தொன்பது. ஃபான் தெர்பிளான்ஷ் எங்கள் சர்ச் கமிட்டித் தலைவர், சாசேஜ் வாங்க வந்தவர். நான் சாரெல். நம் ஊரின் இந்த இணையப் பக்கத்தில் 'இன்று நல்ல ஆட்டுக்கறி வந்திருக்கிறது' என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இன்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரூய்ஃப்ளேயை விட்டு வெளியூர் போய்விட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். சர்ச் வாசலில் இருக்கும் கல் உங்களுக்குத் தெரியும். 1901-இல் இங்கிலீஷ்காரனை எதிர்த்துக் குதிரையேறிப் போன பதினேழு பேரின் பெயர் அதில் இருக்கிறது. போன குளிரில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. புதுக்கல் வெட்டப் போகிறார்கள், பெயர்ப் பட்டியலை சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று கல்தச்சர் சொல்லிவிட்டார். தன் தாத்தா ஸ்டோஃபல் பாடன்ஹோர்ஸ்ட்டின் பெயரைப் பதினெட்டாவதாகச் சேர்க்க வேண்டும் என்பது என் மாமியாரின் ஒரே ஆசை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வருடத்துக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கல்லுக்கு முன்னால் நிறுத்துவார்களாம். கல்லில் பெயர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் முன்வரிசையில் பூவோடு நிற்பார்கள். மற்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம். என் மாமியார் ஏழு வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஃபானின் அக்கா ஏழு வருடமும் பூவோடு நின்றாள். இதை அவர் எனக்குக் குறைந்தது முந்நூறு தடவை சொல்லியிருப்பார்.

தாத்தா ஒற்றர் என்பதற்கு ஒரே சாட்சி ஒரு நோட்டுப் புத்தகம். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே, அதுதான். வளைந்து வளைந்து போகும் எழுத்து. பார்த்தால் அரபி மாதிரி இருக்கும். ஒருமுறை எகிப்திலிருந்து வந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எழுத்தெல்லாம் எங்க எழுத்துதான். ஆனா ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், எங்கள் குடும்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்து அரபி, அர்த்தம் இல்லை, அப்படியென்றால் சங்கேதம்தானே! தாத்தா எவ்வளவு பெரிய மூளைக்காரர்! அந்த நோட்டில் பெரிதாக எழுதியிருந்த ஒரு வரியைக் குடும்பமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பண்ணை வாசல் கதவில் அந்த வரியை வெட்டினார்கள். ஊர் ரக்பி அணியின் சட்டை முதுகில் அச்சடித்தார்கள். என் மச்சான் வேனாண்ட் ஒரு படி மேலே போய் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்திக்கொண்டான். கேட்டால் "தாத்தாவோட போர்க் கட்டளை" என்பான்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கடையின் குளிர் அறை வேலை செய்யவில்லை. கேப் டவுனிலிருந்து ஹசந்த் தூஃபி என்று ஒரு மெக்கானிக் வந்திருந்தார். மலாய் முஸ்லிம், அறுபது வயது இருக்கும். ஏணி மேல் நின்று கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டே சண்டை முழுவதையும் காதில் வாங்கியிருக்கிறார். அப்போது வேனாண்ட் ஒரு முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபடி உள்ளே வந்தான். தூஃபி மேலேயிருந்து அவன் கையைப் பார்த்தார். ஸ்பேனர் நழுவிக் கறி அரைக்கும் இயந்திரத்துக்குள் விழுந்தது.

"இன்னா தம்பி இது? யாரு எய்திவுட்டது?"

"எங்க கொள்ளுத்தாத்தா. போர்க் கட்டளை. உங்களுக்குப் புரியாது."

தூஃபி ஏணியின் உச்சிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறாரோ என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, கோச்சுக்காத. 'வெங்காயத்த இன்னும் நல்லா வதக்கு, அவசரப்படாத'ன்னு போட்டுக்குது."

ஃபானின் கையிலிருந்த சாசேஜ் மாலை மெல்ல அவிழ்ந்து தரையில் சரிந்தது.

"என்னய்யா உளர்றீங்க?" என்றான் வேனாண்ட்.

"எய்த்து அரபி. பாஷை நம்ம ஆஃப்ரிகான்ஸ். நீ பேசுற அதே பாஷைதான். எங்க ஜனங்க மதரசால அந்தக் காலத்துல இப்படித்தான் எய்துவாங்க. எங்க வூட்ல இந்த மாரி நோட்டு பெட்டி நெறய கெடக்குது."

நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எகிப்து டாக்டருக்கு எழுத்து தெரியும், பாஷை தெரியாது. எங்களுக்குப் பாஷை தெரியும், எழுத்து தெரியாது. இரண்டும் தெரிந்த மனுஷர்கள் இந்த ஊரிலேயே மூன்று தலைமுறை இருந்தார்கள். ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

முதலில் சிரித்தது ஃபான்தான். கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெங்காயம்! இருபத்திரெண்டு வருஷமா நம்ம பசங்க முதுகுல வெங்காயத்த வதக்குன்னு போட்டுக்கிட்டு ஓடியிருக்கானுங்க!"

"அதான் ஒரு மேட்ச்சும் ஜெயிக்கல. அவசரப்படாதன்னு போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு வேனாண்டும் சிரித்தான். ஆடு தோளிலிருந்து இறங்கிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் கல்லா மேல் தலையை முட்டிக்கொண்டேன்.

சிரிக்காதவர் என் மாமியார் ஒருவர்தான். "முட்டாப் பசங்களா! அது சங்கேதம். வெங்காயம்னா இங்கிலீஷ்காரன். உரிக்க உரிக்க உள்ள ஒண்ணும் இருக்காதுல்ல? வதக்குன்னா நெருப்பு வையி. அவசரப்படாதன்னா மழை விட்டப்புறம் வையி."

"அத்தை..."

"நீ சும்மா இரு மாப்பிள்ளை. ஏம்பா தூஃபி, உனக்கு முழு நோட்டையும் படிக்க வருமா?"

"வரும்மா. சனிக்கெழமை கம்ப்ரசருக்கு பார்ட் எடுத்துக்கினு மறுபடியும் வரணும்."

"அன்னைக்குத்தான் சர்ச் பஜார். ஹால்ல எல்லார் முன்னாடியும் படி. டேய் ஃபான், எங்க தாத்தா ஒற்றர்னு அதுல இருந்தா கல்லுல பேரு உண்டா இல்லையா?"

"உண்டு அக்கா" என்றார் ஃபான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இல்லன்னா அந்த நோட்டை சமையல் போட்டிக்கு அனுப்பிடலாம்."

சனிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. விஷயம் அதற்குள் நாலு பண்ணை தாண்டிப் போயிருந்தது. நான் வழக்கம்போல பேன்கேக் அடுப்பில். என் மனைவி அலீடா பட்டைத்தூள் கலந்த சர்க்கரை தூவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் சர்ச்சுக்குப் போடும் நீலத் தொப்பியோடு முதல் வரிசையில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நோட்டு அதற்குள் இருந்தது. அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி வந்து இரண்டு ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார்.

தூஃபி நோட்டை வாங்கினார். புரட்டினார். மறுபடி புரட்டினார். "அம்மா, இத்தினி வருஷமா கடேசிப் பக்கத்தத்தான் மொதப் பக்கம்னு தொறந்து வச்சிருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, மறுபக்கத்திலிருந்து திறந்து நிதானமாகப் படித்தார்.

"இது ஹலீமாவின் நோட்டு. மசூதித் தெரு, ரூய்ஃப்ளே. பாடன்ஹோர்ஸ்ட் பண்ணையில் சமையல். கேட்காமல் எடுப்பவர் கை வீங்கிப் போகட்டும்."

என் மாமியார் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ கொக்கரித்தார்கள்.

"ஹலீமாங்கிறது புனைப்பெயர். ஒற்றர்கள் அப்படித்தான் வெச்சுக்குவாங்க" என்றார் மாமியார் சத்தமாக.

முதல் பத்துப் பக்கம் முழுக்கச் சமையல். ஊறுகாய் மீன், மஞ்சள் சோறு, ஆட்டுக்கால். மாமியார் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். மீன் என்றால் பீரங்கி, மஞ்சள் என்றால் தந்திக் கம்பி. ஆட்டுக்கால் வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டு "அது ஆட்டுக்கால்தான்" என்று ஒத்துக்கொண்டார். ஹாலில் ஒரே கைதட்டல். பேன்கேக்குக்கு நின்ற வரிசை கலைந்து எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள்.

பிறகு தூஃபி ஒரு பக்கத்தில் நின்றார். உதட்டைக் கடித்தார். "அம்மா, படிக்கட்டுமா?"

"படிப்பா. இதுக்குத்தானே வந்தோம்."

"இன்று எஜமான் மறுபடியும் பரணில். குதிரைக் குளம்புச் சத்தம் என்றார். அது நம் கழுதை. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். இறங்க மாட்டேன் என்கிறார். காபியைத் துடைப்பக் கட்டையில் கட்டி மேலே அனுப்பினேன். சர்க்கரை போதாது என்று திருப்பி அனுப்பினார்."

ஹால் வெடித்தது. போதகர்கூட பைபிளால் வாயை மூடிக்கொண்டார். ஃபான் நாற்காலி மேல் ஏறி நின்று கையை விரித்தார். "சொன்னேனா! பரண்! எங்க பாட்டி சொன்னது அப்படியே வந்திருக்கு!"

மாமியார் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "கழுதைன்னா..." என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லவில்லை. நான் கரண்டியை வைத்துவிட்டு அவரிடம் போகலாமா என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏழு வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அடுத்த பக்கம் படி" என்றார் மாமியார்.

"பக்கத்துப் பண்ணை தெர்பிளான்ஷ் எஜமானும் வந்துவிட்டார். ஆள் ஆறடி, எடை ஒரு மாட்டுக்குச் சமம். இரண்டு பேரைப் பரண் தாங்காது என்று சொன்னேன். கேட்கவில்லை. ராத்திரி முழுக்கப் பலகை முனகியது. காலையில் ஒரு பூசணிக்காய் என் தலையில் விழுந்தது."

ஃபான் நாற்காலியிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்கு. நாற்காலிதான் அவரை இறக்கிவிட்டது.

கல்லில் உள்ள பதினேழு பேரில் முதல் பெயரே பெரிய ஃபான் தெர்பிளான்ஷ். இவருடைய கொள்ளுத்தாத்தா.

"பொய்! எங்க தாத்தா குதிரையேறிப் போனாருன்னு இங்கிலீஷ்காரனே பட்டியல் போட்டு ஒட்டியிருக்கான். அதப் பாத்துத்தான் கல்லே வெட்டினாங்க. எங்க மாட்டையெல்லாம் புடிச்சிக்கிட்டுப் போனானே, எதுக்காம்?"

தூஃபி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவர் குரலும் நடுங்கியது, சிரிப்பை அடக்க முடியாமல்.

"இன்று இங்கிலீஷ் கேப்டன் வந்தார். மூன்று கப் காபி குடித்தார். உன் எஜமான் எங்கே என்றார். பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்றேன். பக்கத்துப் பண்ணைக்காரன் எங்கே என்றார். மேலே தும்மல் கேட்டது. எலி என்றேன். எலி இவ்வளவு சத்தமாகவா தும்மும் என்றார். பெரிய எலி என்றேன். தெர்பிளான்ஷ் எஜமான் துப்பாக்கியோடு குதிரையேறிச் சண்டைக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஒளிந்திருக்கிறார் என்று தெரிந்து நம் வீட்டை எரித்தால் நான் எங்கே சமைப்பது? கேப்டன் எழுதிக்கொண்டார். இனி அந்த மனுஷர் வீட்டுக்குப் போக முடியாது. பரணிலேயே இருக்கட்டும். சோறு இன்னும் நான்கு மாதத்துக்குப் போட வேண்டும் போலிருக்கிறது."

சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பத்தாறு வயதில் நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. கிழவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தட்டிக்கொண்டார்கள். வேனாண்ட் தரையில் படுத்துவிட்டான். என் அடுப்பில் பேன்கேக் கருகிப் புகை வந்தது, யாரும் கவனிக்கவில்லை. சிரித்து ஓய்ந்து, ஒருவர் 'பெரிய எலி' என்றதும் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஃபான் என் மாமியாரை அடுப்புக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். நான் அங்கேதான் நின்றேன், எல்லாம் காதில் விழுந்தது.

"அக்கா, ஒரே நிமிஷம். கல்தச்சர் வெளிய காத்திருக்காரு. உங்க தாத்தா பேரையும் போட்டுடறேன். எங்க தாத்தா பேருக்குக் கீழ, அதே எழுத்து அளவுல. அந்த நோட்டு பழையபடி கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகட்டும். இது ஏதோ சமையல்காரி தமாஷுக்கு எழுதினதுன்னு சொல்லிடலாம். இன்னும் ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

எழுபது வருடமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. தலையாட்டினால் போதும். அவர் ஆட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆட்டியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மாமியார் ஒரு கருகின பேன்கேக்கை எடுத்துக் கடித்தார். மென்று முடித்தார்.

"ஃபான், அந்தக் கல்லு முன்னாடி நான் பூ வைக்கணும்னா, படிச்சா எனக்கே சிரிப்பு வராத கல்லா இருக்கணும்டா. நீ சொல்ற கல்ல பாத்தா எனக்குப் பெரிய எலிதான் ஞாபகம் வரும்."

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எங்க தாத்தாவப் போடு. உங்க தாத்தாவும் இருக்கட்டும், பாவம், நாலு மாசம் பூசணிக்காயோட குடித்தனம் பண்ணியிருக்காரு. ரெண்டு பேருக்கும் பக்கத்துல 'பரண்'னு போடு. மேல அந்தப் பொண்ணு பேரு. ரெண்டு பேரையும் காப்பாத்தினது அவதானே?"

ஃபானின் குரல் தாழ்ந்தது. "அக்கா, நம்ம சர்ச் கல்லுல... அந்தத் தெருக்காரங்க பேரா?"

"உங்க தாத்தா பேரு அங்க வந்ததே அவ வாயாலதான்டா!"

ஹால் அடங்கியிருந்தது. இந்தக் கடைசி வரி எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அந்தத் தெரு எது என்று அங்கே ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இப்போது டென்னிஸ் ஆடும் இடம்தான் மசூதித் தெரு. 1971-இல் சட்டம் போட்டு, இது வெள்ளைக்காரர் பகுதி என்று சொல்லி, லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு எட்டு வயது. அங்கே இடித்த ஒரு வீட்டின் கதவை என் அப்பா எங்கள் கோழிக்கூண்டுக்கு எடுத்து வந்தார். பச்சைக் கதவு. நல்ல கதவு கிடைத்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதே வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார், ஆஃப்ரிகான்ஸை உண்டாக்கியதும் எழுதியதும் வெள்ளைக்காரர்களான நாம் மட்டும்தான் என்று. பரீட்சையில் அதை எழுதி நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

தூஃபி நோட்டை மூடி மாமியார் கையில் கொடுத்தார்.

"எங்கம்மா அந்தத் தெருவுலதான் பொறந்தாங்க. இந்த ஊருக்கு வேலைக்குப் போறேன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கினாங்க. கம்ப்ரசர் கூப்டுச்சு, வந்தேன். ஒண்ணு சொல்றேன்மா, கோச்சுக்காதீங்க. அந்தப் பொம்பளயோட நோட்ட கேக்காமத்தான் எடுத்தீங்க. பேரயும் கேக்காம எடுக்காதீங்க. சர்ச் கல்லுல பேரு வர்றது அவங்க ஜனங்களுக்குப் புடிக்குமோ என்னமோ. கேட்டுட்டுப் போடுங்க."

"யாரப்பா கேக்கிறது?"

"தெர்லம்மா. லாரி ஏத்திக்கினு போயி நாலு ஊர்ல எறக்கிவுட்டாங்க. எங்கம்மாவுக்கும் ஹலீமான்னு யாரயும் தெரியாதாம், இவங்கள்லாம் சிரிச்சிக்கினு இருக்கச்சொல்ல போன்ல கேட்டேன்."

கமிட்டி அங்கேயே கூடியது. மாமியார் சொன்னது ஏழுக்கு ஐந்து என்று நிறைவேறியது. ஃபான் எதிராகத்தான் கை தூக்கினார், ஆனால் ஓட்டெடுப்பு முடிந்ததும் தூஃபியிடம் போய், நான்கு மாதமும் தன் தாத்தாவுக்கு என்ன சோறு போட்டார்கள் என்று நோட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. பெரும்பாலும் பூசணிக்காய். கல்தச்சர் இரண்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். கல்லின் மேல்பாகத்தில் ஒரு பெயருக்கு இடம் விட்டுக் கீழே உள்ளதை வெட்டத் தொடங்கிவிட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாருடைய குடும்பமாவது ரூய்ஃப்ளே மசூதித் தெருவில் இருந்ததா? 1901 வாக்கில் பாடன்ஹோர்ஸ்ட் பண்ணையில் சமைத்த ஹலீமா உங்கள் கொள்ளுப்பாட்டியா, கொள்ளுப்பாட்டியின் அக்கா தங்கையா? நோட்டில் குடும்பப் பெயர் இல்லை. அது என்ன என்று எழுதுங்கள். அவர் பெயரை அந்தக் கல்லில் வெட்டலாமா, வேண்டாமா என்றும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள், இடத்தை வெறுமனே விட்டுவிடுகிறோம். நோட்டு உங்களுடையது, எப்போது வந்தாலும் என் மாமியார் கையால் தருவார். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் இதைக் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள், தயவுசெய்து இதற்குக் கீழேயே பதில் போடுங்கள்.